குழந்தைப்பேறு சிகிச்சையில் ஹார்மோன் ஊசி: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



இந்த மாதப் பாடம் கொஞ்சம் கூச்சப்பட்டுப் பேசுகிற விஷயம். குழந்தை தள்ளிப்போகிற நம் சகோதரிகள் பலர் இப்போது டவுனுக்குப் போய் சிகிச்சை எடுக்கிறார்கள். அங்கே தினமும் போடச் சொல்லி ஒரு ஹார்மோன் ஊசி எழுதித் தருகிறார்கள். "என்ன ஊசின்னு தெரியல, போடச் சொன்னாங்க, போட்டுக்கிறேன்" என்று சொல்வதைத்தான் அதிகம் கேட்கிறோம். பணம் போட்டு, நம்பிக்கை வைத்துப் போடுகிற ஊசி இது. முறையாகப் போட்டால் பலன் தரும். கவனக்குறைவாகப் போட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் தெரிந்துகொண்டு போடுவோம்.

இது என்ன ஊசி?

மாதந்தோறும் நம் சினைப்பையில் பெரும்பாலும் ஒரு கருமுட்டைதான் முழுதாக வளரும். அதை வளரவைக்கும் ஹார்மோன் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வருகிறது. எஃப்.எஸ்.எச்., எச்.எம்.ஜி. என்று சீட்டில் எழுதுகிற ஊசிகள் அதே வேலையைச் செய்கின்றன. முட்டை வளர்ந்த பிறகு அது முதிர்ந்து வெளிவர எச்.சி.ஜி. என்ற ஊசி போடுவார்கள். நம் பக்கம் "முட்டை வெடிக்கிற ஊசி" என்று சொல்வது இதைத்தான்.

ஊசி தொடங்கும் முன்

முதலில் கணவருக்கும் பரிசோதனை நடந்ததா என்று பாருங்கள். குறை பெண்ணிடம் மட்டும் இருப்பதில்லை. விந்துப் பரிசோதனை ஊசி இல்லாத, எளிய பரிசோதனை. அதைச் செய்யாமல் பெண்ணுக்கு மட்டும் மாதக்கணக்கில் ஊசி போடுவது நியாயமில்லை.

சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு, மார்பகக் கட்டி, காரணம் தெரியாத இரத்தப்போக்கு, காலில் இரத்தம் கட்டியது இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்லணும்.

கருத்தரிப்பு சிகிச்சை மையங்களுக்கு 2021ல் தனிச் சட்டம் வந்துவிட்டது. மையம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழை எல்லோருக்கும் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். செலவு, பக்கவிளைவு எல்லாம் விளக்கிச் சொல்லி, அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே சுற்றில் குழந்தை நிச்சயம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கடன் வாங்கும் முன் மொத்தச் செலவை எழுதிக் கேளுங்கள்.

வீட்டில் ஊசி போடும்போது

1. குளிர்ச்சி: இந்த ஊசி மருந்துகள் பலவற்றை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஐஸ் உறையும் பெட்டியில் வைக்கக் கூடாது. உறைந்துபோன மருந்து வீண். பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் பையைத் துணியில் சுற்றி, மருந்து ஐஸை நேராகத் தொடாமல் கொண்டுவர வேண்டும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். சில பொடி மருந்துகளை ஃப்ரிட்ஜ் இல்லாமலும் வைக்கலாம், பெட்டியில் எழுதியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலைய ஃப்ரிட்ஜ் தடுப்பூசிக்கு மட்டும் உள்ளது. அங்கே வைக்கச் சொல்லி நர்ஸம்மாவைக் கேட்க வேண்டாம்.

2. நேரம்: சாயங்காலம் 7 மணி என்றால் தினமும் 7 மணி. செல்போனில் அலாரம் வையுங்கள்.

3. அளவு: 75, 150 என்று யூனிட் கணக்கில் எழுதியிருப்பார்கள். இன்சுலின் சிரிஞ்சில் உள்ள யூனிட் கோடு இன்சுலினுக்கான கணக்கு. அது இந்த மருந்தின் யூனிட் இல்லை. எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று நர்ஸிடம் காட்டச் சொல்லி, முதல் ஊசியை அவர் முன்னாலேயே போட்டுப் பழகுங்கள்.

4. கலப்பது: பொடி மருந்தாக இருந்தால் கூடக் கொடுத்த தண்ணீர் மருந்தில் மட்டும் கலக்கணும். குலுக்காமல் மெதுவாகச் சுழற்றினால் போதும். கலங்கலாக இருந்தாலோ, துகள் மிதந்தாலோ போடக் கூடாது.

5. இடம்: தோலுக்கு அடியில் போடும் ஊசி என்றால் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தினமும் இடம் மாற்றிப் போட வேண்டும். இடுப்புச் சதையில் போடும் ஊசியை நர்ஸிடம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

6. ஊசி முனை: ஒரு ஊசி ஒரு முறைதான். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மையத்திலேயே திருப்பிக் கொடுங்கள். குப்பைமேட்டில் போட்டால் குழந்தைகள் காலில் குத்தும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. உடனே போன் செய்து கேட்க வேண்டும். ஒரு சகோதரிக்குத் தந்த மருந்தை இன்னொருவர் போடவும் கூடாது.

ஸ்கேன் எதற்கு?

"ஊசிதான் போட்டாச்சே, எதுக்கு மறுபடி மறுபடி ஸ்கேன்? ஒரு நாள் கூலி போகுது" என்று சிலர் கேட்கிறார்கள். இந்த மருந்து ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும். ஒருவருக்கு ஒரு முட்டை வளரும். அதே அளவில் இன்னொருவருக்குப் பத்து வளரும். ஸ்கேன் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவதா, குறைப்பதா, நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள். முட்டை அதிகமாக வளர்ந்தால் அந்தச் சுற்றையே நிறுத்தச் சொல்வதும் உண்டு. அது நஷ்டம் இல்லை, பாதுகாப்பு. அப்போது கணவனோடு சேருவதையும் தள்ளிவைக்கச் சொல்வார்கள். மீறினால் இரண்டு, மூன்று கரு ஒன்றாகத் தங்கி, தாய்க்கும் குழந்தைகளுக்கும் ஆபத்தாகும்.

முட்டை வெடிக்கிற ஊசிக்கு நேரம் இன்னும் முக்கியம். சோதனைக் குழாய் முறையில் ஊசி போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். திங்கள் இரவு 10 மணி ஊசி என்றால் புதன் காலை 10 மணி. ஊசி தவறினால் அத்தனை நாள் பாடும் வீணாகிவிடும். இந்த ஊசி போட்டு இரண்டு வாரத்துக்குள் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால், கர்ப்பம் இல்லாமலே இருப்பதாகக் காட்டலாம். டாக்டர் சொன்ன தேதியில் மட்டும் பாருங்கள்.

ஆபத்து அறிகுறிகள்

ஊசி போட்ட இடத்தில் லேசான சிவப்பு, தலைவலி, வயிறு கொஞ்சம் உப்பலாக இருப்பது சாதாரணம். ஆனால் சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோக்கும். பெரும்பாலும் முட்டை வெடிக்கிற ஊசிக்குப் பிறகுதான் இது வரும். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் இளவயதுப் பெண்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்:

* வயிறு வேகமாகப் பெருத்தல், தாங்க முடியாத வலி
* விடாத வாந்தி
* சிறுநீர் குறைந்துபோதல்
* ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேல் எடை கூடுதல்
* மூச்சுத் திணறல்
* ஒரு காலில் வலியும் வீக்கமும்

உடனே மையத்துக்குப் போன் செய்யுங்கள். மூச்சுத் திணறினால் 108 ஆம்புலன்ஸ். "கேஸ் கோளாறு, சோடா குடி" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போகும்போது சிகிச்சைச் சீட்டு கையில் இருக்கட்டும்.

ஒரு நோட்டு, ஒரு துணை

குழுவில் சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டு எழுதுகிற நமக்கு இது கஷ்டமில்லை. தேதி, நேரம், மருந்தின் பெயர், அளவு, போட்ட பக்கம், காலை எடை, அடுத்த ஸ்கேன் தேதி என்று ஏழு கட்டம் போட்டு எழுதுங்கள். டாக்டர் மாறினாலும், இரவில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

ஊருக்குத் தெரிந்தால் பேச்சு வரும் என்று பலர் யாரிடமும் சொல்லாமல் சிகிச்சை எடுக்கிறார்கள். உங்கள் விருப்பம்தான். ஆனாலும் கணவரைத் தவிர இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். கணவர் வெளியூர் வேலைக்குப் போன இரவில் வயிறு வீங்கினால், தூக்கிக்கொண்டு ஓட ஆள் வேண்டும். நம்பிச் சொன்ன சகோதரியின் விஷயத்தைக் கூட்டத்தில் போட்டு உடைக்காமல் காப்பது நம் பொறுப்பு.

புரோக்கர்களிடம் உஷார்

இதே ஊசியைப் போட்டு, கருமுட்டை கொடுத்தால் பணம் என்று ஆசை காட்டி வருகிறவர்கள் உண்டு. 2022ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பலமுறை கருமுட்டை எடுத்தது வெளியே வந்து, கைது நடவடிக்கை எடுத்தார்கள். சட்டப்படி கருமுட்டை விற்பது குற்றம். தானம் செய்ய 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான். கடன் தவணைக்காக எந்தப் பெண்ணும் இந்த வலையில் விழக் கூடாது. அப்படி யாராவது ஊருக்குள் வந்தால் குழுவில் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. குழந்தை இல்லாத சகோதரியை வளைகாப்பு, சீமந்தத்தில் ஒதுக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறதா? குழுவாக என்ன செய்யலாம்?
2. இரவு நேரத்தில் வண்டி தேவைப்பட்டால் யாரை அழைப்பது?
3. ஆபத்து அறிகுறிகள் ஆறு. நோட்டைப் பார்க்காமல் எத்தனை பேர் சொல்ல முடியும்?

மருந்தின் அளவை முடிவு செய்வது டாக்டர். கேள்வி கேட்பது நம் உரிமை. சந்தேகம் இருந்தால் 104 சுகாதார உதவி எண்ணிலும், நம் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். அடுத்த மாதம் இன்னொரு பாடத்தில் சந்திப்போம்.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்