சரக்கு இல்லாமல் பட்டு வியாபாரம்

கையில் சரக்கு வைத்துக்கொள்ளாமல் காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளை ஆன்லைனில் விற்க முடியுமா? – ஒரு வாசகி, வேலூர்

தாராளமாக முடியும். ஆர்டர் வந்ததும் நெசவாளரே வாங்குபவருக்குச் சேலையை அனுப்பிவிடும் முறை இது. ஆனால் கைத்தறிப் பட்டில் பெரும்பாலும் ஒரு டிசைனுக்கு ஒரு சேலைதான் இருக்கும். காலையில் படம் போட்டது மாலைக்குள் நெசவாளர் வீட்டிலேயே விலைபோயிருக்கும். ஆகவே பணம் வாங்குமுன் போனில் இருப்பைக் கேட்டுக்கொள்வது கட்டாயம். முந்தி, பார்டர், ஜரிகையின் பின்பக்கம் எனப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களும் சில்க் மார்க் சீட்டும் இருந்தால், பெரிய தொகை கொடுக்கத் தயக்கம் வராது. பார்சலுக்குக் காப்பீடு அவசியம். குறையுள்ள சேலையைத் திரும்பப் பெறும் பொறுப்பு, 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவருடையது. அதனால் அந்தச் சேலையை நெசவாளர் திருப்பி எடுத்துக்கொள்வார் என்பதை முதல் படம் போடுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும்.