ஆற்றங்கரைச் சுவர் யாருக்குச் சொந்தம்?

ராபர்ட்சன் கீ பகுதியில் சிங்கப்பூர் ஆற்றின் குறுக்கே ஒரு நடைபாலம் உண்டு. அதன் பெயர் அல்காஃப் பாலம். முற்காலத்தில் இந்த ஆற்றில் சரக்கு ஏற்றிச் சென்ற தொங்கான் படகை நினைவூட்டும் வடிவில் அது கட்டப்பட்டிருக்கிறது. நீளம் 55 மீட்டர்தான். ஆனால், ஒருமுறை அதைப் பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எனப் பாலம் முழுவதும் வட்ட வட்டமாக வண்ணங்கள்!

2004ஆம் ஆண்டில் அந்த வண்ணங்களைத் தீட்டியவர் பசீட்டா அபாட் என்ற பிலிப்பீன்ஸ் நாட்டு ஓவியர். 55 வண்ணங்களில் 900 லிட்டருக்கும் அதிகமான சாயம் செலவானது. வட்டங்களின் எண்ணிக்கை 2,000ஐத் தாண்டும். ஆற்றுக்கு மேலே இருக்கும் பகுதிகளை ஏணி வைத்து எட்ட முடியாதல்லவா? அதனால் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்யப் பழகியவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். அந்தச் சமயத்தில் அபாட் நுரையீரல் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். பாலத்துக்குக் 'கலைப்பாலம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது இன்னொரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். ஒரு நள்ளிரவில் இளைஞர் ஒருவர் தெளிப்புச் சாயக் குப்பியுடன் அதே பாலத்துக்கு வருகிறார். இருக்கும் வட்டங்களுக்கு நடுவே தம் பங்குக்கு அழகான வட்டம் ஒன்றைத் தெளித்துவிட்டுப் போகிறார். மறுநாள் காவல்துறை அவரைத் தேடும். சாயம் ஒன்றுதான், பாலமும் ஒன்றுதான். ஒன்று கலை, மற்றொன்று குற்றம். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இதைப் புரிந்துகொள்ள ஆற்றங்கரையின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1970களில் சிங்கப்பூர் ஆற்றின் அருகே போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார்கள். சரக்குப் படகுகளிலிருந்து கசிந்த எண்ணெய், கரையோரக் கடைகளின் கழிவு, மேல்பகுதிகளில் இருந்த பன்றிப் பண்ணைகளின் கழிவு எல்லாம் தண்ணீரில் கலந்தன. நீர் கறுத்து, குப்பை மிதந்தது. 1977இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ, பத்து ஆண்டுகளில் இந்த ஆற்றில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ஆற்றைத் தூய்மைப்படுத்துவது என்றால் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்வதன்று. கரையில் வாழ்ந்தவர்களையும் தொழில் செய்தவர்களையும் இடம் மாற்றுவது. சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆறு ஆகியவற்றின் வடிநிலப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வேறு வீடுகளுக்கு மாறின. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்கும் சந்தைகளுக்கும் மாற்றப்பட்டார்கள். 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. 1987இல் பணி நிறைவு பெற்றது. மறுகுடியமர்த்தும் செலவைச் சேர்க்காமலேயே ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி செலவானது. மீன்கள் திரும்பி வந்தன.

வராமல் போனவர்களும் உண்டு. 1889இல் திறக்கப்பட்ட ரீட் பாலத்தில், வேலை முடிந்த மாலை வேளைகளில் கூலித்தொழிலாளர்கள் கூடுவார்கள். தியோச்சூ மொழியில் கதை சொல்பவர் ஒருவர் அவர்கள் நடுவே அமர்ந்து பழைய வீரக் கதைகளைச் சொல்வார். படகுகள் போன பிறகு அந்தக் கதைகளைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அதற்கும் வெகுகாலம் முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்த ஆற்றில் படகு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். போட் கீ அருகே சூலியா ஸ்திரீட் என்னும் பெயர் மட்டும் அவர்களை நினைவூட்டி நிற்கிறது. சற்றுத் தொலைவில் மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அங்கே தரையில் பெட்டியை வைத்துக்கொண்டு அமர்ந்து கடன் கொடுத்தவர்களின் இடத்தில் இன்று வானளாவிய அலுவலகக் கட்டடங்கள்.

மக்கள் போன பிறகு கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன. 1989இல் போட் கீ பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 1993இல் கிளார்க் கீயின் பழைய கிடங்குகள் உணவகங்களாகவும் கடைகளாகவும் திறக்கப்பட்டன. ஆற்றோரம் நடைபாதை போடப்பட்டது. அந்த நடைபாதை நெடுகிலும் வெண்கலச் சிலைகள் வைக்கப்பட்டன. காவெனா பாலத்தின் அருகே ஐந்து சிறுவர்கள் ஆற்றில் குதிக்கும் சிலையைப் பார்த்து நிற்காத சுற்றுப்பயணிகள் குறைவு. செட்டியாரைக் காட்டும் சிலையும் கரையில் இருக்கிறது. உண்மையான சிறுவர்கள் இன்று அங்கே குதித்தால் யாராவது ஓடிவந்து தடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அதாவது, ஆற்றங்கரையில் யாருடைய அடையாளம் இருக்கவேண்டும் என்பது ஏற்கெனவே முடிவு செய்யப்பட்ட ஒன்று. யாரையும் கேட்காமல் சுவரில் எழுதுகிறவர் அந்த முடிவுக்குள் தம்மையும் நுழைக்கப் பார்க்கிறார். சுவர்க்கிறுக்கலைக் கண்டால் நகரம் எரிச்சல் அடைவதற்கு அழுக்கு மட்டும் காரணமன்று.

சிங்கப்பூர் இதில் மிகக் கண்டிப்பான நாடு. 1966இல் சுவர்களில் அரசியல் முழக்கங்கள் எழுதப்பட்டு வந்த காலத்தில், பொதுச்சொத்தைக் கிறுக்கிச் சேதப்படுத்துவதற்கு எதிரான சட்டம் இயற்றப்பட்டது. 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை. அழியாத சாயம் பயன்படுத்தப்பட்டால் மூன்று முதல் எட்டுப் பிரம்படிகளும் உண்டு. 1994இல் கார்களில் சாயம் தெளித்த அமெரிக்க இளைஞர் ஒருவருக்குப் பிரம்படி விதிக்கப்பட்டபோது உலகமே சிங்கப்பூரைத் திரும்பிப் பார்த்தது. அமெரிக்க அதிபரே கருணை கேட்டார். ஆறு அடிகள் நான்காகக் குறைந்தன, தண்டனை நிற்கவில்லை.

2010இல் நடந்த ஒன்று இன்னும் சிந்திக்க வைப்பது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் இரவில் பெருவிரைவு ரயில் பணிமனையின் வேலியை வெட்டி உள்ளே நுழைந்து, ஒரு ரயிலில் பெரிய எழுத்துகளைத் தெளித்துவிட்டார். அந்த ரயில் வழக்கம்போல ஓடியது. பார்த்தவர்களில் சிலர் அதை ஏதோ ஒரு விளம்பரம் என்றே நினைத்துக்கொண்டார்கள்! ரயில்களிலும் பேருந்துகளிலும் கண்ணைப் பறிக்கும் விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. அந்த இடத்துக்குப் பணம் கட்டியவர் எழுதலாம், கட்டாதவர் எழுதக்கூடாது என்பதுதான் விதி. வேலியை வெட்டியது தவறு என்பதில் ஐயமில்லை. அவருக்குச் சிறையும் பிரம்படியும் கிடைத்தன. ஆனாலும், பொது இடத்தில் யார் பேசலாம் என்பதைப் பணம் மட்டுமே முடிவு செய்யலாமா என்ற கேள்வி அந்தத் தண்டனையோடு தீர்ந்துவிடவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, சாலைகளில் ஆங்கில எழுத்துகள் தோன்றின: 'மை கிராண்ட்ஃபாதர் ரோட்'. நடுச்சாலையில் வழிமறித்து நிற்பவரிடம், "இது என்ன, உங்கள் தாத்தா ரோடா?" என்று இங்கே கேட்பதுண்டு. அந்தக் கேலிப் பேச்சையே ஓர் இளம் பெண் கலைஞர் சாலையில் எழுதியிருந்தார். சாலை விளக்குப் பொத்தான்களின் அருகே ஒட்டுவில்லைகளும் ஒட்டியிருந்தார். பலர் சிரித்தார்கள். அவர் கைது செய்யப்பட்டபோது, கடுமை வேண்டாம் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். கடைசியில் 2013இல் அவருக்கு 240 மணி நேரச் சமூக சேவை விதிக்கப்பட்டது. பிரம்படிச் சட்டத்தின்கீழ் அவர்மீது குற்றம் சாட்டப்படவில்லை. சட்டத்துக்கும் சற்று நகைச்சுவை புரிந்தது என்று அன்று பலர் எண்ணியிருக்கலாம்.

இந்தக் கதைகளில் பெரும்பாலும் பேசப்படாதவர் துப்புரவுப் பணியாளர். தெளிப்புச் சாயத்தை அகற்றுவது எளிதன்று. பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புப் பூச்சிலும் கருங்கல்லிலும் நுண்ணிய துளைகள் உள்ளன. சாயம் அவற்றுக்குள் இறங்கிவிடும். கரைப்பான் திரவத்தைப் பூசினால் சில நேரங்களில் சாயம் இன்னும் ஆழமாகப் பரவும். நீரை அதிக அழுத்தத்தில் பாய்ச்சினால் கிறுக்கலோடு சுண்ணாம்புப் பூச்சும் பெயர்ந்து வரும். மேலே புதுச் சாயம் அடித்தால் அந்த இடம் மட்டும் ஒட்டுப்போட்ட சட்டையைப் போலத் தனியாகத் தெரியும். எஃகுப் பாலத்தில் வேறு சிக்கல்: சுரண்டும்போது துருத்தடுப்புப் பூச்சும் போய்விட்டால் ஈரக்காற்று எஃகைத் தின்னத் தொடங்கும். இன்னொன்றும் உண்டு. 2008இல் மரினா அணைக்கட்டு கட்டப்பட்ட பிறகு சிங்கப்பூர் ஆறு ஒரு நீர்த்தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. அதனால் பாலத்தைக் கழுவும் கரைப்பான் ஆற்றில் சொட்டக்கூடாது. சில நிமிடங்களில் தெளித்ததை அழிக்க வருபவர் வெயிலில் நின்று மணிக்கணக்கில் பாடுபட வேண்டும். சுவர்க்கிறுக்கலை வெறும் சுதந்திரம் என்று புகழ்கிறவர்கள் இந்தப் பணியாளரையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரிலும் தெளிப்புச் சாயக் கலைஞர்களுக்கு இடமில்லாமல் போகவில்லை. பழைய ரயில்பாதைத் தடத்தில் ஒரு மேம்பாலத்தின் அடியில் அனுமதியோடு வரைய இடம் ஒதுக்கப்பட்டது. கம்போங் கிளாமில் அவர்களுக்கென்றே சுவர்கள் உண்டு. லிட்டில் இந்தியாவின் சந்துகளில் பழைய தொழில்களைக் காட்டும் ஓவியங்கள் உள்ளன. ஒதுக்கிய இடத்தில் வரைவது உண்மையான சுவர்க்கலை ஆகாது என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால், இரவில் பயந்து பயந்து ஐந்து நிமிடத்தில் தெளிப்பவரைவிட, பகலில் நிதானமாக வரைபவருக்குக் கை நன்றாகத் தேறுகிறது. அதை அந்தச் சுவர்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

அனுமதி என்றவுடன் எல்லாம் சுலபமாகிவிடுவதும் இல்லை. ஆற்றைக் கடந்த முதல் பாலம் இருந்த இடத்தில் இன்று எல்ஜின் பாலம் நிற்கிறது. அந்தப் பாலத்திலிருந்து தெற்கே செல்லும் சாலைக்கு சவுத் பிரிட்ஜ் ரோடு என்று பெயர். 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருப்பதும் அதே சாலையில்தான். 2024இல் அந்தச் சாலையின் கடைவீட்டுச் சுவர் ஒன்றில் பெரிய ஓவியம் தோன்றியது. சிவப்புத் தலைத்துணி கட்டிய சம்சுயி பெண் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் விரல்களுக்கிடையே புகையும் சிகரெட். சீனாவிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களில் மண்ணும் கல்லும் சுமந்தவர்கள் சம்சுயி பெண்கள். இந்த நகரத்தின் எத்தனையோ கட்டடங்களில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

ஓவியம் அந்தப் பெண்களை இழிவுபடுத்துவதாக ஒருவர் புகார் செய்தார். நகர மறுசீரமைப்பு ஆணையம் படத்தை மாற்றும்படி கேட்டது. உடனே மறுதரப்பு எழுந்தது. சம்சுயி பெண்கள் புகைபிடித்தது உண்மைதானே, நாள் முழுவதும் கல் சுமந்தவர் சற்று உட்கார்ந்து இளைப்பாறுவதில் என்ன இழிவு என்று பலர் கேட்டார்கள். தங்கள் பாட்டியை நினைவுகூர்ந்தவர்களும் இருந்தார்கள். புகைப்பதை ஊக்குவிக்கும் படமா இது என்று சுகாதார அமைச்சும் ஆராய வேண்டியிருந்தது. கடைசியில், அது புகையிலை விளம்பரம் இல்லை என்று முடிவாகி, ஓவியம் அப்படியே இருக்க அனுமதிக்கப்பட்டது. சிகரெட்டும் அழிக்கப்படவில்லை.

ஆனால், பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் முன் அனுமதி பெறாமல் ஓவியம் வரையப்பட்டிருந்தது. கட்டடத்தின் உரிமையாளருக்கு 2,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.