உரோம் நகரில் ஒருநாள்

இத்தாலி நாட்டின் தலைநகராகிய உரோம், பழங்காலக் கட்டடங்கள் நிறைந்த நகரம். அங்குச் செல்வோர் பலரும் ஒரே நாளில் மூன்று இடங்களையேனும் கண்டுவிட விரும்புவர். கொலோசியம் என்னும் அரங்கம், அதனையடுத்த ஃபோரம் என்னும் மன்றத்திடல், பாந்தியன் என்னும் குவிமாடக் கோயில் ஆகியவையே அம்மூன்றும். கொலோசியத்திலிருந்து பாந்தியனுக்கு அரைமணி நேரத்தில் நடந்தே சென்றுவிடலாம். இரண்டையும் எழுப்பியவர் உரோமானியரே; இரண்டுக்கும் இடைப்பட்ட காலமும் ஐம்பது ஆண்டுகளுக்கு மிகாது. ஆயினும், ஒன்று பாதி இடிந்து நிற்கிறது. மற்றொன்று கூரையும் குலையாமல் நிற்கிறது. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது?

கோடைக்காலமாயின், வெயில் ஏறுமுன் கொலோசியத்துக்குச் சென்றுவிடுவது நன்று. பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கிய இவ்வரங்கத்தை அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்துவைத்தார். முட்டை வடிவில் அமைந்த இதன் நீளம் 188 மீட்டர். அகலம் 156 மீட்டர். உயரம் ஏறத்தாழ 48 மீட்டர். தரைத்தளத்தில் 80 வளைவு வாயில்கள் இருந்தன. ஐம்பதாயிரம் பேர் நெரிசலின்றி உள்ளே சென்று வெளியேறும்பொருட்டு, வாயில்களுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. கடிகாரத்திலும் பாடநூலிலும் கண்டு பழகிய அந்த உரோமன் எண்களை வடபுற வளைவுகளின்மேல் இன்றும் படிக்கலாம்.

கட்டடக்கலையை வியக்கும் கண், அங்கு நிகழ்ந்தவற்றை மறந்துவிடலாகாது. மனிதரை மனிதரோடும் விலங்குகளோடும் பொருதவிட்டு, மக்கள் அதனை விளையாட்டாகக் கண்டு களித்த இடம் அது. சிந்திய குருதியை உறிஞ்சுவதற்காகத் தரையில் மணல் பரப்பினர். மணலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அரங்கத்தைக் குறிக்கும் ‘அரீனா’ என்னும் சொல் பிறந்தது.

ஆறாம் நூற்றாண்டுக்குப் பின் அங்கு ஆட்டங்கள் நடைபெறவில்லை. பயனற்றுப்போன அரங்கம் நாளடைவில் கல்வெட்டும் குவாரி போலாயிற்று. 1349-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் தென்புறச் சுவர் சரிந்தது. விழுந்த கற்களை நகரத்தார் அரண்மனைகளும் தேவாலயங்களும் கட்ட எடுத்துச் சென்றனர். நிற்கும் சுவரிலும் அம்மைத் தழும்புகள் போலக் குழிகள் தென்படுகின்றன. கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பற்றுகளை எடுப்பதற்காகத் தோண்டிய குழிகள் அவை.

கொலோசியத்தை அடுத்துள்ள மன்றத்திடல், ஒருகாலத்தில் பேரரசின் இதயமாக விளங்கியது. பின்னர் மண்மூடி, மாடுகள் மேயும் வெளியாகி, ‘மாட்டுத்திடல்’ என்றே பெயர்பெற்றது. அதன் ஓரத்தில் மாக்சென்டியசின் மண்டபம் எனப்படும் மாபெரும் கட்டடத்தின் மூன்று வளைவுகள் மட்டும் எஞ்சியுள்ளன. தமிழ் மாணவர் சற்று நின்று காணவேண்டிய இடம் இது. அம்மண்டபம் எழுவதற்கு முன் அங்கே மிளகுப் பண்டகசாலை இருந்தது. அதனைக் கட்டியவர் பேரரசர் டொமிஷியன்.

அக்காலத்தில் சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து மிளகு ஏற்றிய கப்பல்கள் பருவக்காற்றின் துணையால் செங்கடலை அடைந்தன. அங்கிருந்து பாலைவழியாகவும் நைல் ஆற்றின் வழியாகவும் சென்ற சரக்கு, மீண்டும் கப்பலேறி உரோமை அடைந்தது. செங்கடற்கரையில் உள்ள பெரனிகே துறைமுகத்தில் நடந்த அகழாய்வில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்துள்ளது. காரத்தைத் தவிர வேறு சிறப்பில்லாத இப்பொருளுக்கா இவ்வளவு விருப்பம் என்று உரோமானிய அறிஞர் பிளினி வியந்தார். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசுகள் இந்தியாவுக்குச் சென்றுவிடுவதாகவும் அவர் குறைபட்டுக்கொண்டார். கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில் உரோமானியக் காசுகள் கிடைப்பது இதனால்தான்.

நண்பகலில் நடப்போர்க்குத் தெருவோரத்து இரும்புக் குழாய்கள் பெருந்துணை. வளைந்த மூக்குப் போன்ற வடிவினால் அவற்றைப் ‘பெருமூக்கு’ எனப் பொருள்படும் பெயரால் உரோம் மக்கள் அழைக்கின்றனர். குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறுதுளையின் வழியே நீர் பீறிட்டெழும், குனியாமலே குடிக்கலாம்.

பாந்தியனின் முகப்பில் எகிப்து நாட்டுக் கருங்கல் தூண்கள் 16 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல்லால் ஆனது. உள்ளே நுழைந்தவுடன் கண் தானாகவே மேல்நோக்கும். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் நிறைவுற்ற இக்குவிமாடத்தின் குறுக்களவு 43 மீட்டருக்கும் மேல். தரையிலிருந்து அதன் உச்சியும் அதே உயரத்தில் உள்ளது. கம்பி வைத்துக் கட்டப்படாத காங்கிரீட் குவிமாடங்களுள் உலகில் இன்றளவும் இதுவே பெரியது. அடிப்பகுதியின் கலவையில் கனமான கற்களைச் சேர்த்த உரோமானியர், மேலே செல்லச்செல்ல எடை குறைந்த கற்களைச் சேர்த்தனர். உச்சிக்கருகில் பயன்பட்டது நுரைக்கல். சுவரின் கனமும் அடியில் 6 மீட்டர். உச்சியில் ஒரு மீட்டரைச் சற்றே கடந்தது. நடுவில் உள்ள வட்டத் திறப்பே ஒளி வரும் வழி. மழையும் அதன் வழியே பெய்யும். தரை நடுவே சற்று மேடாக இருப்பதால், விழும் நீர் ஓடிச் சிறுதுளைகளில் இறங்கிவிடுகிறது.

கட்டியவர் திறன் மட்டுமே இதனைக் காத்தது என்று சொல்வதற்கில்லை. கி.பி. 609-இல் இக்கோயில் கிறித்தவத் தேவாலயமாக மாறியது. அன்றுமுதல் அங்கே வழிபாடு நடந்துவருவதால், ஒழுகிய இடத்தை அடைக்கவும் உடைந்ததைச் சீர்செய்யவும் ஆள் இருந்தது. அப்படியும் இழப்பு இல்லாமற் போகவில்லை. கூரையில் வேய்ந்திருந்த வெண்கலத் தகடுகளை 663-இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் கொண்டுசென்றார். முகமண்டபத்தின் வெண்கலத்தைப் போப்பாண்டவர் எட்டாம் அர்பன் 1625-இல் எடுத்து உருக்கச்செய்தார். அதில் பெரும்பகுதி பீரங்கிகள் ஆயிற்று.

கொலோசியத்தில் கல்லெடுப்பதும் இவ்வாறே ஒருநாள் நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் அதனைப் புனித இடமாக அறிவித்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், சரியவிருந்த வெளிச்சுவரின் கீழ்ப்புற முனைக்குச் செங்கல்லால் முட்டுச்சுவர் எழுப்பினர். மாலையில் அவ்வழியே செல்வோர் அச்சுவரை அண்ணாந்து பார்க்கவேண்டும். வளைவிலிருந்து நழுவத் தொடங்கிய கற்கள், நழுவிய நிலையிலேயே செங்கற்களுக்கிடையே நிற்கின்றன.

அருஞ்சொற்பொருள்

பண்டகசாலை – சரக்கு சேமிக்கும் கிடங்கு
பொருதல் – போரிடுதல்
குறுக்களவு – வட்டத்தின் விட்டம்
நுரைக்கல் – எரிமலையிலிருந்து தோன்றும், துளைகள் நிறைந்த எடை குறைந்த கல்

பயிற்சி

1. கொலோசியத்தின் சுவர்களில் குழிகள் தோன்றியது எவ்வாறு?
2. முசிறியிலிருந்து உரோமுக்கு மிளகு சென்ற வழியை விளக்குக.
3. குவிமாடத்தின் எடையைக் குறைக்க உரோமானியர் கையாண்ட முறைகள் யாவை?
4. நீங்கள் வாழும் ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றை வீட்டுப் பெரியவர்களுடன் சென்று காண்க. அது எதற்காகக் கட்டப்பட்டது, இன்று எவ்வாறு பயன்படுகிறது, யார் அதனைப் பேணுகின்றனர் என்பனவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.