அவசரக் கதவில் கை வைத்த அப்பா மீது வழக்கு வருமா?

கேள்வி: எங்களுக்கு நெய்க்காரப்பட்டி. கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சும் குடும்பம். அறுபது தாண்டிய என் அப்பா போன மாதம் முதல்முறையாக விமானம் ஏறினார். மதுரையிலிருந்து சென்னைக்கு, இறக்கையில் விசிறி சுற்றுகிற சின்ன விமானம். முன்வரிசையில் அவசரக் கதவை ஒட்டி இருக்கை. கிளம்புவதற்கு முன்பு எழுந்திருக்கப் பிடிமானம் தேடியவர், கதவின் கைப்பிடியைப் பற்றி இழுத்துவிட்டார். கதவு லேசாக நகர்ந்துவிட்டது. எல்லாரையும் இறக்கிவிட்டுப் பொறியாளர் வந்து சோதித்ததில் ஒன்றரை மணி நேரம் தாமதம். ஆங்கிலத்தில் இருந்த ஒரு கடிதத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு, அதே விமானத்தில் அனுப்பி வைத்தார்கள். இனி போலீஸ் வழக்கு வருமா? நஷ்டஈடு கேட்பார்களா? அக்காவின் பிரசவத்துக்கு அவர் சிங்கப்பூர் போக வேண்டும். அதற்குச் சிக்கல் வருமா? ஊரில், “எம்.பி.யையே விட்டுட்டாங்க, உங்கப்பாவை என்ன பண்ணப் போறாங்க” என்கிறார்கள்.

பதில்: ஊர்க்காரர்கள் சொல்லும் எம்.பி. கதை நடந்த கதைதான். 2022 டிசம்பர் 10-ம் தேதி, சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பத் தயாராக இருந்த இண்டிகோ விமானம் 6இ 7339. வாசகரின் தந்தை ஏறியதைப் போன்ற ஏ.டி.ஆர். ரக விமானம். பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோதே வலப்பக்க அவசரக் கதவு திறந்துகொண்டது. கதவைத் திரும்பப் பொருத்தி, காற்றழுத்தச் சோதனை முடித்து, தாமதமாகத்தான் விமானம் புறப்பட்டது. ஒரு மாதத்துக்கு மேல் வெளியே தெரியாமல் இருந்த விஷயம் 2023 ஜனவரி நடுவில் செய்தியானது. அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா, கதவைத் திறந்தவர் பெங்களூரு தெற்கு மக்களவை உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா என்றும், அது தவறுதலாக நடந்தது என்றும், அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்றும் விளக்கினார். டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் ‘தவறுதல்’ என்றே சொன்னது. பாதுகாப்பில் சமரசம் எதுவும் நடக்கவில்லை என்பது அதன் நிலை.

ஆனால் அதே ஜனவரி மாதத்தில் நாக்பூரிலிருந்து மும்பை சென்ற இண்டிகோ விமானத்தில் ஒரு பயணி, தரையிறங்கும் நேரத்தில் அவசரக் கதவின் மூடியைக் கழற்ற முயன்றதாக மும்பை விமான நிலையக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 336-வது பிரிவும் விமான விதிகளும் சேர்த்துப் போடப்பட்டன. ஒருவருக்கு மன்னிப்பு, இன்னொருவருக்கு எஃப்.ஐ.ஆர். பதவிக்கு ஒரு நியாயமா என்று பொதுமக்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அந்த வாதம் எடுபடாது. ‘அவரை விட்டீர்கள், என்னையும் விடுங்கள்’ என்று அரசியலமைப்பின் 14-வது பிரிவைக் காட்டிக் கேட்க முடியாது. ஒருவருக்குக் காட்டிய சலுகை இன்னொருவருக்கு உரிமையாவதில்லை என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன நிலைப்பாடு. ஆகவே எம்.பி.யை மறந்துவிட்டு, தன் தந்தையின் விஷயத்தில் உள்ள உண்மைகளையே வாசகர் பிடித்துக்கொள்வது நல்லது. அவை அவருக்குச் சாதகமாகவே இருக்கின்றன.

விமானம் தரையில் நின்றது, புறப்படவில்லை. யாருக்கும் காயமில்லை. கை வைத்ததை அவர் மறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே விமானத்தில் அவரை ஏற்றிச் சென்றார்கள். ஒரு பயணியை ஆபத்தானவராக நினைத்திருந்தால், மறுபடி உட்காரவைத்துப் பறந்திருக்க மாட்டார்கள். பின்னால் எந்த அதிகாரி என்ன எழுதினாலும் இந்த ஓர் உண்மை தந்தையின் பக்கம் நிற்கும்.

இனி சட்டம். 1937-ம் ஆண்டின் விமான விதிகளில் 23-வது விதி, விமானத்துக்குள் மற்றவரைத் தாக்குவதையும் மிரட்டுவதையும், பொருளை ‘வேண்டுமென்றே’ சேதப்படுத்துவதையும், குடித்துவிட்டுப் பாதுகாப்பைக் கெடுப்பதையும் தடுக்கிறது. 1934-ம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் நடைமுறைக்கு வந்தபோதும், பழைய விதிகள் மாற்றப்படும்வரை தொடரும் என்றே ஏற்பாடு. பிடிமானம் தேடிய கை ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லுக்குள் வராது. விமானப் பாதுகாப்புக்கு எதிரான சட்டவிரோதச் செயல்களுக்கான 1982-ம் ஆண்டுச் சட்டம் ஆயுள் தண்டனை வரை போகும் கடுமையானது. அதற்கும் உள்நோக்கம் தேவை. அதைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

மிஞ்சுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவு. பழைய 336-ன் வாரிசு. இதற்கு உள்நோக்கம் வேண்டாம்; பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அசட்டையாக நடந்தால் போதும். காயமில்லாத நிலையில் அதிகபட்சம் மூன்று மாதச் சிறை, அல்லது 2,500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் காவல் நிலையத்திலேயே ஜாமீன் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. ஓராண்டுக்கு மேற்படாத தண்டனையுள்ள குற்றங்களை, நடந்து ஓராண்டு கழிந்தபின் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கக்கூடாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-வது பிரிவு சொல்கிறது. தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அந்தக் காலத்தை நீட்டலாம் என்றாலும், இவ்வளவு சின்ன விஷயத்தில் அது எளிதல்ல.

அசட்டையா, அறியாமையா என்பதுதான் அங்கே கேள்வி. 2018 செப்டம்பரில் டெல்லியிலிருந்து பாட்னா சென்ற கோ ஏர் விமானத்தில், முதல்முறை பறந்த ஒருவர் பின்கதவைக் கழிவறைக் கதவு என்று நினைத்துத் திறக்கப் போனார். விமானத்தில் கூச்சலும் களேபரமும். தரையிறங்கியதும் பிடித்து விசாரித்தார்கள். விஷயம் புரிந்ததும் விட்டுவிட்டார்கள். அதுவாவது வானத்தில் நடந்தது.

வானத்தில் நடந்தாலும் உயரத்தைப் பொறுத்து ஆபத்து மாறும் என்பது பலருக்குத் தெரியாது. ஜெட் விமானம் முழு உயரத்தில் பறக்கும்போது, உள்ளே இருக்கும் காற்று கதவை ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கும் அதிகமான விசையில் சட்டத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும். எந்தப் பயில்வானாலும் திறக்க முடியாது. கீழே இறங்க இறங்க அந்தப் பிடி தளர்ந்துவிடும். 2023 மே 26-ல் தென்கொரியாவின் தேகு நகரில் ஏசியானா விமானம் தரையிறங்க 200 மீட்டர் சொச்சமே இருந்தபோது ஒரு பயணி கதவைத் திறந்தேவிட்டார். 194 பயணிகள், பலருக்கு மூச்சுத்திணறல், கதவு திறந்தபடியே விமானம் தரையிறங்கியது. திறந்தவருக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டாலும், விமான நிறுவனத்துக்கு 72 கோடி தென்கொரிய வொன்னுக்கு மேல் கொடுக்கச் சொல்லி 2024-ல் தீர்ப்பு வந்தது. தரையில் நின்ற ஏ.டி.ஆர். கதவை இதோடு ஒப்பிடவே முடியாது. ஜெட் விமானக் கதவைத் திறந்தால் காற்றடைத்த சறுக்குப் பாதை விரிந்து, அதை மாற்றும் செலவே லட்சங்களில் போகும். தரைக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஏ.டி.ஆர். விமானத்தில் அந்தச் சறுக்குப் பாதையே கிடையாது.

அப்படியானால் நஷ்டஈடு? நிறுவனம் விரும்பினால் சிவில் வழக்குப் போடலாம். மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் தந்தையின் கவனக்குறைவையும், அதனால் இன்ன தொகை நஷ்டம் என்பதையும் அவர்கள் நிரூபிக்க வேண்டும். அப்போது அவர்களைத் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த இருக்கையை அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்?

அவசரக் கதவை ஒட்டிய இருக்கை, காலை நீட்ட வசதி என்று கூடுதல் கட்டணத்துக்கு விற்கப்படுவது வழக்கம். உண்மையில் அது ஒரு பொறுப்பு. விபத்து நேர்ந்தால் கதவைத் திறந்து மற்றவர்களை வெளியேற்ற உதவக்கூடியவர் மட்டுமே அங்கே உட்காரலாம். சிறுவர், கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வருபவர், பிறர் உதவி தேவைப்படுபவர் ஆகியோருக்குத் தரக்கூடாது. பணியாளர் சொல்வது புரிய வேண்டும் என்பதும் நிபந்தனை. புறப்படும் முன் பணியாளர் நேரில் வந்து, கதவு எப்படித் திறக்கும், எப்போது தொடக்கூடாது என்று விளக்கி, ‘உதவச் சம்மதமா’ என்று கேட்டு வாய்மொழிச் சம்மதம் வாங்க வேண்டும். நடைமுறையில் இது இந்தியிலோ ஆங்கிலத்திலோ கடகடவென்று ஒப்பிக்கப்பட்டு, பயணி தலையாட்டியதும் முடிந்துவிடுகிறது. மதுரைக்கும் சென்னைக்கும் இடையே பறக்கும் விமானத்தில் இதைத் தமிழில் சொல்ல என்ன தடை என்று யாராவது ஒரு நாள் நீதிமன்றத்தில் கேட்கத்தான் போகிறார்கள். தந்தைக்கு அந்த விளக்கம் தரப்பட்டதா, எந்த மொழியில், அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அவர் நினைவு மங்குவதற்குள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலக் கடிதம்தான் இதில் கொஞ்சம் உறுத்துகிறது. ‘தவறுதலாகக் கை பட்டுவிட்டது’ என்று இருந்தால் அது அவருக்கே கவசம். ‘அறிவுறுத்தலை மீறித் திறந்தேன்’ என்று இருந்தால் கதை வேறு. எனவே பயணத் தேதி, டிக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு, கடிதத்தின் நகல் கேட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்ப வேண்டும். அதிலேயே, தமிழ் மட்டும் தெரிந்த தந்தைக்குக் கடிதத்தின் உள்ளடக்கம் படித்துச் சொல்லப்படவில்லை என்பதையும், நடந்தது இன்னது என்பதையும் நான்கு வரியில் சொல்லிவிடலாம். அழுது மன்றாடி எழுத வேண்டியதில்லை.

பறக்கத் தடை விதிப்பார்களா என்ற பயத்துக்கு 2017-ல் டி.ஜி.சி.ஏ. கொண்டுவந்த விதிமுறையில் பதில் இருக்கிறது. ஒழுங்கற்ற நடத்தையை அது மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. வாய்த் தகராறு, போதை போன்றவற்றுக்கு மூன்று மாதம் வரை. கை நீட்டினால் ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்து, விமானி அறைக்குள் அத்துமீறல் போன்றவற்றுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு. நிறுவனம் தன்னிஷ்டத்துக்கு இறுதித் தடை போட்டுவிட முடியாது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் மூவர் குழு 30 நாளில் முடிவெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பயணி தாராளமாகப் பறக்கலாம். குழுவின் முடிவை எதிர்த்து 60 நாளில் அமைச்சகத்தின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2020-ல் நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவுக்கு இண்டிகோ விதித்த ஆறு மாதத் தடை, குழுவின் முன் போனபோது மூன்று மாதமாகக் குறைந்தது. தடுமாறி எழுந்த பெரியவரை இந்த மூன்று நிலைகளில் எதில் அடைப்பது என்று குழுவே திணறும். வாசகர் சொல்வது போன மாதக் கதை. விசாரணை நோட்டீஸ் ஏதும் இதுவரை வராததே ஆறுதலான செய்தி.

பாஸ்போர்ட்டைப் பற்றி: குற்ற வழக்கு ‘நீதிமன்றத்தில்’ நிலுவையில் இருந்தால்தான் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு குறுக்கே வரும். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது அந்த வரம்புக்குள் வராது. இங்கே எஃப்.ஐ.ஆரே இருப்பதாகத் தெரியவில்லை. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். விவரங்களைத் தேடிப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் ‘வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்ற கட்டத்துக்கு, உள்ளபடி ‘இல்லை’ என்று பதில் சொல்லலாம்.

ஒருவேளை நிறுவனம் பணம் கேட்டு மிரட்டல் கடிதம் அனுப்பினால், பதிலுக்குத் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மதுரைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணமும் இல்லை. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அந்தத் தாமதத்துக்காகத் தந்தையே நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்க முடியுமா என்று மட்டும் யோசிக்க வேண்டாம். தன்னால் நேர்ந்த தாமதத்துக்கு யாரும் ஈடு கேட்க முடியாது.

சிங்கப்பூர் டிக்கெட் எடுக்கும்போது நடுப்பகுதியில் நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்து முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். விமான நிலையத்தில் தானாக அவசரக் கதவு வரிசை ஒதுக்கப்பட்டால், ‘எனக்கு இந்த இருக்கை வேண்டாம்’ என்று கவுன்டரிலோ விமானத்துக்குள்ளோ சொன்னால் போதும். காரணம் சொல்லாமலே மாற்றித்தர வேண்டியது அவர்கள் பொறுப்பு.