துண்டு இருந்தால்தான் பேர்

யாழ்ப்பாணத்தில் நடக்கும் ஆய்வு மாநாட்டுக்கு என் கட்டுரை தேர்வாகியிருக்கிறது. செலவைப் பிறகு தருவதாகச் சொல்கிறார்கள். அப்பா தோட்டத்தில் பால் வெட்டுகிறார், கையில் காசில்லை. என்ன செய்யலாம்?
– சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவி, தெஹியோவிட்ட

அந்தப் 'பிறகு' என்ற சொல்லைத்தான் முதலில் மாற்றப் பாருங்கள். முற்பணம் கேட்பதில் வெட்கமில்லை. கட்டுரை ஏற்கப்பட்ட கடிதத்தோடு ஒரு பக்கச் செலவு மதிப்பீட்டையும் இணைத்து, துறைத் தலைவர் வழியாகப் பீடாதிபதிக்கு விண்ணப்பியுங்கள். அனுமதி எழுத்தில் வரட்டும். வாய்ச்சொல்லை நிதியாளர் கோப்பில் போட முடியாது. மாநாட்டுக் குழுவிடமும் கட்டணச் சலுகை, மாணவியர் விடுதியில் இடம் இரண்டையும் கேட்டுவிடுங்கள்; தங்குமிடம் கிடைத்தால் பாதிச் சுமை இறங்கும்.

உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் பெலிஹுல்ஓயாவிலிருந்து கொழும்பு சுமார் 160 கிலோமீற்றர், அங்கிருந்து யாழ்ப்பாணம் இன்னுமொரு 400. இரத்தினபுரி வழியாக ஓபநாயக்க வரை ஓடிய களனிவெளி ரயில் 1970களிலேயே சுருங்கிவிட்டது. ஆகவே கொழும்பு வரை பஸ்தான். தனியார் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மெஷின் டிக்கெட்டின் மை சீக்கிரம் மங்கும். அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். ஆட்டோவுக்குத் திகதி, இடம், தொகை எழுதி ஓட்டுநரிடம் கையொப்பம்.

நாள் முழுக்க வெட்டியும் கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும் செக்ரோலை, அந்தத் தோட்டத்து வரவுப் பதிவேட்டை, அப்பா அறிவார். நிதிப் பிரிவு இன்னும் கண்டிப்பு: டிக்கெட்டோ ரசீதோ, ஒரு துண்டு இல்லையென்றால் அரைப்பேரும் கிடையாது!

திரும்பிய வாரமே பங்கேற்புச் சான்றிதழோடு எல்லாவற்றையும் ஒப்படையுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொண்டு.