யானைக்கு யானை நேரா?



பொங்கலை ஒட்டி வில்லியனூரில் நம் வணிகர்களுக்குள் நடந்த சிறு சதுரங்கப் போட்டியில் பாகூர் மளிகைக்கடை நண்பர் ஒருவரும் நானும் மோதினோம். இருவரும் கடை சாத்திய பிறகு ஆடிப் பழகியவர்கள்தாம். கடைசியில் ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை. சிப்பாய் எனக்கு மூன்று, அவருக்கு இரண்டு. என் யானையை அவர் யானைக்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். யோசிக்காமல் வெட்டினார், நானும் திருப்பி வெட்டினேன். சற்று நேரத்தில் ஆட்டம் முடிந்தது. “யானைக்கு யானை, கணக்கு நேர்தானே?” என்று கேட்டார்.

பற்றுவரவில் நேர்தான், இருப்பில் நேரில்லை. யானை இருந்தவரை தூரத்திலிருந்தே என் ராஜாவுக்குச் செக் வைக்கவும், சிப்பாயைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தவும் அவரால் முடிந்தது. ஒரு சிப்பாய் குறைந்தவரும் யானையை வைத்துக்கொண்டு பல ஆட்டங்களைச் சமன் செய்துவிடுவார். யானைகள் போனபின் தடுக்க ராஜா ஒன்றுதான். அது நடப்பதோ ஒவ்வொரு கட்டமாக. ஒரு சிப்பாயை மறிக்கப் போனால் மற்றது ராணியாகிவிடும்.

நண்பர் வெட்கப்பட வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான 14-வது ஆட்டம். சீனாவின் டிங் லிரெனும் சென்னை குகேஷும் தலா 6½ புள்ளி. வெள்ளைக் காய் ஆடிய டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனாலும் யானையும் மந்திரியும் இருந்ததால் சமனாகும் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். கடிகாரத்தில் நேரம் குறைந்துகொண்டிருக்க, 55-வது நகர்த்தலில் டிங் யானையை மாற்ற முன்வந்தார். அது தவறு என்று குகேஷுக்கே உடனே தெரியவில்லையாம்! யானைகள் வெட்டுப்பட்டன. வெள்ளை மந்திரி மூலையில் நின்றது. குகேஷ் தம் மந்திரியை அதன் ஒரே பாதையில் வைத்தார். எங்கே நகர்ந்தாலும் மாற்றம்தான். மிஞ்சியது இரண்டு சிப்பாய்க்கு எதிரே ஒன்று. 58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன்.

எனவே வெட்டும் முன், போகப்போகிற இரண்டு காய்களையும் மனதால் பலகையிலிருந்து எடுத்துவிட்டு மீதியை எண்ணுங்கள். லாரியில் சரக்கு ஏற்றுமுன் கிடங்கில் என்ன நிற்கும் என்று பார்ப்பதில்லையா? ராஜாக்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். சிப்பாய் கூடுதலாக உள்ளவர் மாற்றத் தேடலாம். குறைந்தவர் விலகி ஓடவேண்டும்.

மறு ஞாயிறு அதே மாதிரி நிலை வந்தது. நான் யானையை நீட்டினேன். பாகூர் நண்பர் சிரித்துக்கொண்டே தம் யானையைக் கடைக்கோடிக்கு ஓட்டிவிட்டார். இரண்டு மணிநேரம் துரத்தியும் சமன்தான்.