சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம்தான், வீட்டு வாசலிலிருந்து எத்தனை?

கட்டுநாயக்கவிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ 650 கிலோமீற்றர். ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலப் பயணம். அதை நம்பி, காலையில் ஏறி மத்தியானம் டொக்டரைப் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் அகப்படுகிறார்கள். வெள்ளவத்தை வாசலிலிருந்து தி.நகர் லொட்ஜ் வாசல் வரை 7, 8 மணித்தியாலம் வையுங்கள்.

செய்ய வேண்டியவை

• பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். விமானம் கிளம்புவதற்கு 3 மணித்தியாலம் முன்னால் எயார்போர்ட்டில் நிற்க வேண்டும். ரோட்டு நேரத்தை அதற்கும் முன்னால் வையுங்கள்.

• ரோட்டு நேரத்தை உங்கள் தெருவிலிருந்தே பாருங்கள். கொட்டாஞ்சேனைக்குப் பேலியகொடை ஹைவே வாசல் பக்கத்தில். வெள்ளவத்தைக்காரர் நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். ஹைவே 26 கிலோமீற்றர்கூட இல்லை, அரை மணித்தியாலத்தில் முடியும். உயிரை எடுப்பது காலி வீதிதான். பள்ளிக்கூடம் தொடங்குகிற, விடுகிற நேரமென்றால் இன்னுமொரு மணித்தியாலம் சேருங்கள். மரைன் டிரைவால் போகச் சொல்லுங்கள்.

• டிக்கெட்டிலுள்ள இரண்டு நேரங்களையும் நேராகக் கழித்துப் பாருங்கள். 2006 ஏப்ரலிலிருந்து நமக்கும் இந்தியாவுக்கும் மணிக்கூடு ஒன்றுதான். சிங்கப்பூர் டிக்கெட்டில் இப்படிக் கழிக்க முடியாது. அங்கே இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது.

• திருச்சி டிக்கெட்டையும் விசாரியுங்கள். தூரம் சுமார் 420 கிலோமீற்றர்தான். வேளாங்கண்ணி நேர்த்திக்குப் போகிற கொட்டாஞ்சேனைக்காரர் சென்னையில் இறங்கினால் 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் குலுங்க வேண்டும். திருச்சியிலிருந்து அதில் பாதிதான்.

• இந்திய இ-விசாவை அரசாங்கத் தளத்தில் மட்டும் எடுங்கள். அதே முகத்தோடு இருக்கும் தனியார் தளங்கள் மேலதிகமாகக் காசு பிடுங்கும்.

• பாஸ்போர்ட்டில் 6 மாதம் மிச்சமிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• நள்ளிரவு விமானத்தின் திகதியில் ஏமாறாதீர்கள். டிக்கெட்டில் 14ஆம் திகதி 00.40 என்றிருந்தால், 13ஆம் திகதி இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். எங்கள் லேனில் ஒரு குடும்பம் கல்யாணப் பட்டுச்சேலைப் பெட்டிகளோடு 14ஆம் திகதி இரவு போய் நின்றது. விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருந்தது.

• டாக்சி அப்பில் ‘கொழும்பு எயார்போர்ட்’ என்று மட்டும் போடாதீர்கள். இரத்மலானைக்கும் கொழும்பின் பெயர் உண்டு; அது தெற்கே, கட்டுநாயக்க வடக்கே.

• 650ஐ விமான வேகத்தால் வகுத்து 50 நிமிடம் என்று சொல்லாதீர்கள். ஓடுபாதைக்கு உருள்வதும், மேலே ஏறுவதும், சென்னைக்கு மேல் இறங்க இடம் கேட்டுச் சுற்றுவதும் அந்தக் கணக்கில் வராது.

• மலிவென்று பெங்களூர், ஹைதராபாத் வழியான டிக்கெட்டை யோசிக்காமல் வாங்காதீர்கள். முதலில் இறங்கும் ஊரிலேயே இமிகிரேஷன். பெட்டியையும் அங்கே எடுத்துத் திரும்பக் கொடுக்க நேரிடும்.

• பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். லித்தியம் பற்றரி தீப்பிடிக்கக்கூடியது, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

• ஆஸ்பத்திரி அப்பொயின்மென்டையோ முகூர்த்தத்தையோ இறங்குகிற நாளிலேயே வைக்காதீர்கள். ஒரு விமானம் பிந்தினாலே எல்லாம் போச்சு. முதல் நாளே போய்ப் படுங்கள்.

• வழியனுப்ப ஒரு வான் நிறையச் சொந்தக்காரரை ஏற்றாதீர்கள். பெட்டிக்கு இடமிராது, தேத்தண்ணிக்கு நிறுத்தச் சொல்லியே அரை மணித்தியாலம் போய்விடும்.